ஓடி ஆட இடம் எங்கே?

குழந்தை குப்புற விழுந்தால் பலகாரம் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதும், தவழ்ந்து வந்து முதன்முதலாக வாசற்படியைத் தாண்டினால் கொழுக்கட்டை செய்து கொண்டாடுவதும் நம் குடும்பங்களில் உள்ள வழக்கம். ஊரை விட்டு மும்பைக்கு வந்து மூன்று தலைமுறை ஆனவர்கள் வீட்டிலும் இவ்வழக்கம் மறைந்துவிடவில்லை. குழந்தையின் கைகால் அசைவே அதன் நலத்துக்கு அடையாளம் என்பதை அறிந்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம் இது. ஆனால், வாசற்படியைத் தாண்டிய குழந்தை அடுத்த அடியை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு இம்மாநகரில் வாழும் நம்மில் பலரிடம் விடை இல்லை. படிக்கு வெளியே சிலருக்குத் திறந்த சாக்கடை. சிலருக்கு மோட்டார் சைக்கிள் பாயும் சந்து. இன்னும் சிலருக்கு ஏழாவது மாடியின் லிப்ட் கதவு.

சின்னஞ்சிறு குழந்தைக்கு ஓட்டமும் ஆட்டமும் எவ்வளவு தேவை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வரையறுத்துச் சொல்லியிருக்கிறது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாள் ஒன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும். மூன்று, நான்கு வயதானால் அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடுவதும் குதிப்பதுமாக இருக்க வேண்டும். நடக்காத குழந்தையைக் கூட, விழித்திருக்கும்போது நாள் ஒன்றுக்கு அரை மணி நேரமாவது குப்புறப் படுக்க விட வேண்டும். எந்தக் குழந்தையையும் தூளியிலோ, நாற்காலியிலோ, தள்ளுவண்டியிலோ ஒரே நேரத்தில் ஒரு மணிக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம்; அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இவை அந்த நிறுவனம் கூறும் அளவுகள்.

மூன்று மணி நேரம் என்றவுடன் மலைத்துவிட வேண்டியதில்லை. இது உடற்பயிற்சி அல்ல. நடப்பது, ஏறுவது, உருள்வது, தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் போவது எல்லாமே இதில் சேரும். கிராமத்தில் வளர்ந்த குழந்தைக்கு இதை யாரும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது, தெரு இருந்தது. எந்த வீட்டுக் குழந்தை தெருவில் இறங்கினாலும் பார்த்துக்கொள்ள நான்கு பெரியவர்கள் இருந்தார்கள். அங்கே காசு கொடுக்காமல் கிடைத்தது, இங்கே குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கிறது. அல்லது கிடைக்காமல் போகிறது. இதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டத்துக்கு என்ன குறை? நாள் முழுவதும் தெருவில்தானே கிடக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. செல்வ நாடுகளில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பயிற்சி விளையாட்டுகளில் அதிகம் சேர்கிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில், நடந்து பள்ளிக்குப் போவதும் சந்தில் ஓடுவதும் ஏழைப் பிள்ளைகளே. சிறு குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஏழைக் குழந்தைதான் குறைவாக ஓடுகிறது என்றோ, பணக்காரக் குழந்தைதான் சோம்பிக் கிடக்கிறது என்றோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. குடும்பத்தின் நிலை எப்படி இருக்கிறதோ, குழந்தையை அடைத்து வைக்கும் கூண்டும் அப்படி இருக்கிறது.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டை எடுத்துக்கொள்வோம். சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே. பகலில் அந்த அறையிலேயே தையல் வேலையோ, அப்பளம் உருட்டும் வேலையோ நடக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு உள்ளே இடம் இல்லை. வெளியே விடலாம் என்றால் சந்து மூன்றடி அகலம். அதில்தான் குழாய், அதில்தான் சாக்கடை, அதில்தான் சுமை தூக்குவோர் வருவதும் போவதும். வேலை செய்யும் தாய், குழந்தையின் பத்திரத்துக்காக அதை மடியருகே உட்கார வைக்கிறாள். குழந்தை அழுதால் கையில் செல்போனைக் கொடுக்கிறாள். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் கிடைக்கக்கூடிய காவலாளி அந்தச் செல்போன் ஒன்றுதான்.

கட்டட வேலைக்குப் போகும் தாயின் நிலை இதனினும் கடினம். செங்கலும் கம்பியும் குவிந்து கிடக்கும் இடத்தில் குழந்தையை இறக்கி விட முடியாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே சேலையில் தூளி கட்டிப் போடுகிறாள். கால் முளைத்த குழந்தையானாலும் அதிலேயே கிடக்க வேண்டியதுதான். இந்தக் காட்சியைக் கண்டு மனம் பொறாமல்தான் மீரா மகாதேவன் 1969ஆம் ஆண்டில் டில்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷ்' என்ற பெயரில் அது வளர்ந்தது. கட்டடத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி இடம் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஐம்பது தொழிலாளருக்கு மேல் உள்ள இடங்களுக்குக் காப்பக ஏற்பாட்டைச் சொல்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது. தூளியில் கிடக்கும் குழந்தைக்குத் தரையில் இடம் கிடைத்ததா என்று கேட்பாரில்லை.

இதோடு வயிற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்த சோகை. இரத்தம் குறைந்த குழந்தை நாலு அடி ஓடினால் உட்கார்ந்துவிடும். "சமர்த்துப் பிள்ளை, ஒரு இடத்தில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்" என்று நாம் புகழும் குழந்தைகளில் சில, உண்மையில் தெம்பில்லாத குழந்தைகள். இருக்கிற சிறிது சக்தியை உடல் மிச்சம் பிடிக்கிறது. வீட்டில் அப்படி அடங்கிக் கிடக்கும் குழந்தை இருந்தால் பெற்றோர் பெருமைப்படுவதை விட்டு மருத்துவரிடமோ அங்கன்வாடியிலோ காட்டுவது நல்லது.

சரி, மாதச் சம்பளக்காரர் வீட்டில் நிலைமை என்ன? தாராவியை விட்டு டோம்பிவிலிக்கோ முலுண்டுக்கோ நவி மும்பைக்கோ போய் ஓர் அறையும் சமையற்கட்டும் வாங்கிய குமாஸ்தாவின் வீட்டில் சாக்கடைப் பயம் இல்லை. ஆனால் நேரம் இல்லை. கணவனும் மனைவியும் காலை ஏழரை மணி வண்டியைப் பிடித்தால் திரும்ப இரவு எட்டு. குழந்தை பக்கத்து வீட்டு அம்மாளிடமோ காப்பகத்திலோ இருக்கிறது. காப்பகம் என்பதும் பெரும்பாலும் ஓர் அறைதான். பத்துக் குழந்தைகளை ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டுமானால் தொலைக்காட்சியைப் போட்டு உட்கார வைப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியாது. மூன்று வயதில் நர்சரி, நான்கு வயதில் டியூஷன். மாலையில் கீழே இறங்கினால் சொசைட்டி முற்றம் முழுவதும் கார்கள். பந்து ஒரு கார்மேல் பட்டால் வாட்ச்மேன் விரட்டுகிறார். "பந்து விளையாடக் கூடாது" என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். கடன் வாங்கி வாங்கிய வீட்டில் பிள்ளைக்கு எல்லாம் இருக்கிறது, ஓட்டம் தவிர.

பிறகு அந்தக் குழந்தை பருக்கத் தொடங்குகிறது. 2015-16 கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட அதிக எடைக் குழந்தைகள், 2019-21ல் 3.4 சதவீதமாகிவிட்டனர். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் போகும் திசை நல்ல திசையல்ல. தாத்தாவுக்கு ஐம்பதில் வந்த சர்க்கரை நோய் பேரனுக்கு முப்பதில் வருவதை இன்று எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி உடம்புக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

வசதி மிக்கவர்களோ குழந்தையின் ஓட்டத்தையும் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். நீச்சலுக்கு ஒரு வகுப்பு, கால்பந்துக்கு ஒரு வகுப்பு, ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒரு வகுப்பு. அதில் தவறில்லை. ஆனால் அது ஒன்றே வழி என்றால், கட்டணம் கட்ட முடியாத வீட்டுக் குழந்தை எங்கே போவது?

பெண் குழந்தையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வருமானத்தில் உள்ள வீடானாலும், நான்கு வயதுப் பையன் சந்தில் இறங்கினால் "போகட்டும்" என்பவர்கள், அதே வயதுப் பெண் இறங்கினால் "உள்ளே வா" என்கிறார்கள். ஐந்து வயதிலேயே தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்ளும் வேலையும் அவளுக்கு வந்துவிடுகிறது. பாண்டி ஆட இரண்டடி இடம் போதும். அதற்கும் அவளுக்கு நேரம் விடுவதில்லை. நாளைக்குப் பிள்ளை பெற வேண்டிய உடம்பு அது என்பதை எண்ணியாவது அவளை ஓட விட வேண்டாமா?

இந்த நிலை இயற்கையாக ஏற்பட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். 1896ல் அன்றைய பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமே நோய்க்குக் காரணம் என்று கருதி 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அரசு அமைத்தது. அந்த டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கியதுதான் தாதர், மாதுங்கா பகுதி. அகலமான தெருக்கள், மரங்கள், நடுவே ஐந்து தோட்டங்கள் என்று வரைபடத்திலேயே வெளியிடம் ஒதுக்கினார்கள். பின்னால் தென்னாட்டிலிருந்து வேலைக்கு வந்த குமாஸ்தாக்களும் கணக்கர்களும் அங்கே குடியேறினார்கள். ரயில் பாதைக்கு அப்பால், நடந்தே போய்விடும் தூரத்தில், தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடிசை போட்டார்கள். அந்தத் தாராவிக்கு யாரும் வரைபடம் வரையவில்லை, தோட்டமும் ஒதுக்கவில்லை. இரண்டு இடத்திலும் பேசியது ஒரே தமிழ்தான். ஒரு பிள்ளைக்கு ஐந்து தோட்டம் கிடைத்தது. இன்னொரு பிள்ளைக்கு மூன்றடிச் சந்து கிடைத்தது. அந்தப் பிள்ளைகளின் சோம்பலோ சுறுசுறுப்போ இதற்குக் காரணம் இல்லை. அரசு எங்கே இடம் விட்டது, எங்கே விடவில்லை என்பதே காரணம்.

இன்றும் கணக்கு மாறவில்லை. நகரத்தில் தலைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட நகரமைப்பு வழிகாட்டி. மும்பையில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய இடம் தலைக்கு இரண்டு சதுர மீட்டர்கூட இல்லை. ஒரு கட்டில் போட்டால் தீர்ந்துவிடும் இடம் அது.

"படிப்புதான் நம் மூலதனம். விளையாட்டில் பொழுதைப் போக்கினால் முன்னுக்கு வர முடியுமா?" என்று பல பெற்றோர் கேட்பார்கள். ஊரில் நிலம் இல்லாமல், கையில் எழுத்தறிவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வந்து தலையெடுத்தவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வயதில் படிப்பும் ஆட்டமும் பகையல்ல. ஜமைக்கா நாட்டில் 1986-87ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சுகாதார ஊழியர் போய், வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் குழந்தையும் விளையாடக் கற்றுக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஈட்டிய வருமானம், இப்பயிற்சி பெறாத மற்றக் குழந்தைகளின் வருமானத்தைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. தைவானில் சிறுவர்களுக்குக் கிட்டப் பார்வை பெருகியதைக் கண்டு, 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் இருக்கச் செய்யும் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அங்கே கண்ணாடி போடுவோர் எண்ணிக்கையின் ஏற்றம் தடைப்பட்டது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும், மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியாகவே கல்வி நடக்க வேண்டும் என்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு டியூஷன் வைக்கும் காசில் ஒரு பந்து வாங்கிக் கொடுத்தால் படிப்புக்கே நல்லது.

இனிச் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, வீட்டில் நம்மால் ஆவது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாளில் ஒரு மணி நேரம் தகப்பன் குழந்தையைக் கைப்பிடித்து அருகிலுள்ள மைதானத்துக்கோ கடற்கரைக்கோ அழைத்துப் போகலாம். மற்ற நாட்களில், மாடிப்படி ஏறும்போது தூக்காமல் நடக்க விடலாம். பாயைச் சுருட்டி வைத்தபின் உள்ள இடத்தில் நொண்டி ஆட விடலாம். சாப்பிடும்போது செல்போன் காட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். இவற்றுக்குச் செலவு இல்லை.

இரண்டாவது, நம் சங்கங்கள் செய்ய வேண்டியது. இம்மாநகரில் தமிழ்ச் சங்கங்களுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும், கோயில் குழுக்களுக்கும் குறைவில்லை. பலவற்றுக்குச் சொந்த மண்டபமே உண்டு. கல்யாணமும் விழாவும் இல்லாத மாலைகளில் அவை பூட்டிக் கிடக்கின்றன. வேலை நாட்களில் மாலை இரண்டு மணி நேரம் அந்த மண்டபத்தைச் சிறு குழந்தைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருவர் மேற்பார்வைக்குப் போதும். கிளித்தட்டும் கண்ணாமூச்சியும் நம் குழந்தைகளுக்குத் தெரிந்ததாகவும் ஆகும். தாய்மொழி வளர்க்க வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு வேறு இல்லை.

மூன்றாவது, மாநகராட்சியும் மாநில அரசும் செய்ய வேண்டியது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு 50 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. நகரத்துக் குடிசைப் பகுதிகளில் அவற்றில் பல இன்னும் ஒற்றை வாடகை அறையில் நடக்கின்றன. சத்துணவு கொடுத்தால் மட்டும் போதாது. உண்ட குழந்தை ஓட வேண்டும். பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளின் மைதானங்களைப் பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாளிலும் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் திறந்துவிட வேண்டும். பூட்டுக்கும் காவலுக்கும் ஆகும் செலவைவிட இதற்கு அதிகம் ஆகாது.

கடைசியாகச் சொல்லப் போவதே இன்று மிக அவசரமானது. தாராவி புனரமைப்புத் திட்டத்தில் தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். தகுதி யாருக்கு, வீடு எங்கே, கடை என்ன ஆகும் என்றெல்லாம் நம் மக்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். அந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: நான்கு வயதுக் குழந்தை எங்கே ஓடும்?

இன்றைய சந்து எவ்வளவு குறுகலானாலும் அது தரையில் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் கண்ணுக்கு எட்டுகிறது. இருபதாவது மாடிக்குப் போன குழந்தைக்கு அந்தச் சந்தும் இல்லை. தாய் கூட வராமல் அது கீழே இறங்க முடியாது. தாய்க்கோ இறங்க நேரம் இல்லை. முன்பு கட்டிய மறுவாழ்வுக் கட்டடங்கள் பலவற்றில், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே வெயில்கூட விழாத இடைவெளியைத்தான் விட்டார்கள். அந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டடத் தொகுதியிலும், வண்டிகள் நுழையாத, தரைமட்டத்தில் உள்ள, சன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உள்ள விளையாட்டிடம் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு சில மாடிக்கும் ஓர் அகலமான பொது நடைவெளி வேண்டும். பழைய சால் கட்டடங்களின் தாழ்வாரத்தில் நடை பழகாத குழந்தை இம்மாநகரில் ஒரு காலத்தில் உண்டா? அங்கன்வாடியைத் தரைத்தளத்தில், திறந்தவெளியை ஒட்டி வைக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடம் கிடைக்காது. வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். 1898ல் நம்மைக் கேட்காமல் வரைந்தார்கள். இப்போது நமக்கு வாக்குச் சீட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வாய் இருக்கிறது.

குழந்தைகள் ஊர்வலம் போகமாட்டார்கள். மனுக் கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்களும் பெரியவர்களுமே. வாசற்படி தாண்டிய நாளில் கொழுக்கட்டை செய்து மகிழ்ந்த கைகள், படிக்கு வெளியே பத்தடி நல்ல தரையும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.